முதல் எண்ணிக்கையில் பின்தங்கியும் வென்றவர்: புதுக் குடிமக்களுக்கான தேர்தல் வழிகாட்டி

ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கியவுடன் வாக்களிப்பதும் கட்டாயமாகிவிடும். கூட்டாட்சித் தேர்தலில் தவறினால் அபராதம் 20 டாலர். வாக்கு எப்படி எண்ணப்படுகிறது என்று விளங்க மிஷெல் ஆனந்தராஜாவின் தொகுதியைப் பார்த்தால் போதும்.

லண்டனில் இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து, ஜாம்பியாவில் வளர்ந்து, பிறகு ஆஸ்திரேலியா வந்தவர். மெல்பர்ன் ஆல்ஃபிரட் மருத்துவமனையில் தொற்றுநோய் மருத்துவராக இருந்தார். கோவிட் காலத்தில் மருத்துவப் பணியாளர்களுக்குத் தகுந்த முகக்கவசம் கேட்டுப் பேசியபோதுதான் வெளியே தெரிந்தார்.

2022-இல் லேபர் கட்சி அவரை மெல்பர்னின் ஹிக்கின்ஸ் தொகுதியில் நிறுத்தியது. டூராக், மால்வர்ன் எனப் பணக்காரப் பகுதிகள். 1949 முதல் லிபரல் கட்சியின் கோட்டை. ஹோல்ட், கார்ட்டன் என்ற இரு பிரதமர்களின் தொகுதி. முதல் விருப்பு வாக்கில், அதாவது 1 என்ற எண் பெற்ற சீட்டுகளில், லிபரலின் கேட்டி ஆலனுக்கு ஏறத்தாழ 40 சதவீதம், ஆனந்தராஜாவுக்கு 28, கிரீன்ஸ் கட்சிக்கு 22. இந்தியாவில் என்றால் அத்தோடு ஆலன் வென்றிருப்பார். இங்கே ஒருவருக்குப் பாதிக்கு மேல் வரும்வரை கடைசியில் இருப்பவரை நீக்கி, அவரது சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். கிரீன்ஸ் சீட்டுகளில் பெரும்பகுதி லேபருக்கு வர, ஆனந்தராஜா சுமார் 52 சதவீதத்தில் வென்றார்.

ஆகவே தொகுதி உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் பச்சைச் சீட்டில் எல்லாக் கட்டங்களிலும் 1, 2, 3 என எண் போடுங்கள். ஊர்ப் பழக்கத்தில் ஒரே ஒரு புள்ளடி போட்டால் சீட்டு செல்லாது. தவறிவிட்டால் பெட்டியில் போடாமல் அலுவலரிடம் கொடுத்து வேறு வாங்கலாம். வாசலில் கட்சிக்காரர் நீட்டும் தாள் அவர்களுடைய சிபாரிசு மட்டுமே. அப்படியே எழுத வேண்டியதில்லை. வெள்ளைச் சீட்டு மேலவையான செனட்டுக்கு: கோட்டுக்கு மேலே கட்சிகளுக்கு 6 வரையாவது, அல்லது கீழே வேட்பாளர்களுக்கு 12 வரையாவது எண் போடுங்கள்.

2024 எல்லை மறுசீரமைப்பில் விக்டோரியா மாநிலத்தின் தொகுதிகள் 39-இலிருந்து 38 ஆயின. காணாமல் போனது ஹிக்கின்ஸ்! லேபர் ஆனந்தராஜாவைச் செனட் பட்டியலில் மூன்றாவதாக வைத்தது. அது உறுதியான இடமல்ல. ஆனாலும் 2025-இல் வென்று, ஜூலை 1 முதல் 6 ஆண்டுப் பதவிக்காலத்தில் இருக்கிறார்.

உங்கள் தொகுதியின் பெயரும் மாறியிருக்கலாம், தேர்தல் ஆணையத் தளத்தில் பாருங்கள். வீடு மாறி ஒரு மாதம் ஆனதும், 21 நாளுக்குள் முகவரியைப் புதுப்பிக்க வேண்டும். பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) மட்டும் உள்ளவர்களுக்கு வாக்கு இல்லை, ஆனால் விசா தாமதம் போன்ற சிக்கலுக்குத் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தை நாடலாம். தேர்தலில் நிற்கவே ஆசையா? வேட்புமனுவுக்கு முன்பே இலங்கைக் குடியுரிமையைத் துறந்துவிடுங்கள். அரசமைப்பின் 44-ஆம் பிரிவு இரட்டைக் குடியுரிமையை விடாது.