பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: இணையம் பார்க்க மட்டும்

முதலில் ரேமைப் பாருங்கள். 4 ஜிபி இருந்தால் லுபுண்டு என்ற இலகுவான லினக்ஸ் வகை. 2 ஜிபி அல்லது அதற்கும் குறைவு என்றால் அதைவிட இலகுவான ஆன்டிஎக்ஸ். 19.04 பதிப்பு முதல் லுபுண்டு 64 பிட் பிராசஸரில் மட்டுமே ஓடும். கோர் 2 டியோவுக்குப் பிரச்சினை இல்லை. தொடக்ககால ஆட்டம் சிப் சில 32 பிட், அவற்றில் ஏறாது.

8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ் என்ற விண்டோஸ் மென்பொருள் கொண்டு ஐஎஸ்ஓவை (இறக்கிய லினக்ஸ் கோப்பை) எழுதுங்கள். வெறுமனே காப்பி செய்தால் பூட் ஆகாது. லேப்டாப்பை ஆன் செய்தவுடன் டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9 அழுத்தி பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். உடனே நிறுவிவிடாதீர்கள், லைவ் முறையில் (பென்டிரைவிலிருந்தே ஓட்டி) வைஃபை, ஒலி, டச்பேட் மூன்றையும் சோதியுங்கள். பிராட்காம் வைஃபை பெரும்பாலும் முரண்டு பிடிக்கும். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி டெதரிங்கில் (கேபிள் வழியே போன் நெட்டைப் பகிர்ந்து) இணைத்து, அதற்கான டிரைவரை இறக்கிக்கொள்ளலாம். கோப்புகளை வேறிடத்தில் சேமித்த பிறகே, நிறுவும்போது வரும் 'டிஸ்க்கை அழி' என்பதைத் தொடுங்கள்.

எல்லாத் தளமும் சான்றிதழ் பிழை காட்டினால் நெட்டைத் திட்டாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். நேரத்தை நினைவில் வைக்கும் சிமாஸ் பேட்டரி செத்திருக்கும்; பல மாடல்களில் அது சிஆர்2032.

யூடியூப் திக்கினால் பிரவுசரில் எச்264இஃபை நீட்சியைப் போடுங்கள்; விபி9 வடிவத்துக்குப் பதில் எச்264 வடிவ வீடியோவை வரவைக்கும். பழைய சிப்புகளுக்கு விபி9 வீடியோவை வன்பொருளில் பிரிக்கத் தெரியாது, சுமை முழுதும் பிராசஸர் தலையில் விழும். பிறகும் மந்தமா? ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி அதைவிட வேகமான 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி மாட்டுங்கள்.