வறியோரின் பங்கு 4.6 விழுக்காடு: இந்த எண்ணை எடுத்தாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய குடும்ப வருமான செலவின ஆய்வின்படி, நாட்டின் மொத்தக் குடும்ப வருமானத்தில் மிக வறிய ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்களுக்குக் கிடைத்தது 4.6 விழுக்காடு, உச்சியிலிருந்த ஐந்தில் ஒரு பங்கினர் பாதிக்கும் சற்று மேலாகப் பெற்றனர். எல்லாக் குடும்பங்களுக்கும் சமமாகப் பிரிந்திருந்தால் இரு தரப்புக்கும் 20 விழுக்காடு கிடைத்திருக்கும். எதன் பங்கு, யாருடைய பங்கு என்று கேளாமல் இந்த எண்ணை எடுத்தாண்டால், வறியோருக்காகப் பேசுபவரே அவர்களுடைய நிலையைத் தவறாகச் சொல்லிவிட நேரும்.

இதை நாட்டின் தேசிய வருமானத்தில் வறியோருக்குரிய பங்கு என்று எழுதுவது பரவலாகக் காணப்படும் தவறு. ஆய்வு கணக்கெடுப்பது குடும்பங்கள் தம் வாயால் சொன்ன வருமானத்தையே. நிறுவனங்கள் பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளும் இலாபம் அதில் சேராது. பெருஞ்செல்வர் வீடுகளில் ஆய்வாளருக்குக் கதவு திறப்பதும் குறைவு, திறந்தாலும் வட்டியும் வாடகையும் முழுமையாகச் சொல்லப்படுவதில்லை. விடுபடுவதில் பெரும்பகுதி மேல்தட்டினருடையது என்பதால், அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் வறியோரின் பங்கு இன்னும் சிறுத்துவிடும்.

என் கருத்தில் மிகுந்த குழப்பத்தை விளைவிப்பது, வருமானப் பங்கையும் நுகர்வுப் பங்கையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவதாகும். 2025 ஜூலையில் இந்திய அரசு வெளியிட்ட செய்திக்குறிப்பு, 25.5 என்ற கினி குறியீட்டைக் (ஏற்றத்தாழ்வின் அளவு; 0 என்றால் முழுச் சமம், 100 என்றால் எல்லாம் ஒருவரிடமே) காட்டி, இந்தியா உலகின் நான்காவது சமத்துவமான நாடு என்று அறிவித்தது. அந்த எண் 2022-23ஆம் ஆண்டின் நுகர்வுச் செலவு ஆய்விலிருந்து பெறப்பட்டது. ஆனால் அதே வரிசையில் இருந்த சுலோவாக்கியா, சுலோவேனியா போன்ற நாடுகளின் எண்கள் வருமானத்தை அளப்பவை. வறிய குடும்பம் கைக்கு வந்ததையெல்லாம் செலவழித்து, போதாததற்குக் கடனும் வாங்குகிறது. செல்வக் குடும்பம் வருமானத்தில் பெரும்பகுதியைச் சேமிக்கிறது. ஆகவே ஒரே நாட்டில் நுகர்வு பெரும்பாலும் வருமானத்தைவிடச் சமமாகப் பரவியிருப்பதாகவே தோன்றும். உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தின் மதிப்பீட்டில், அதே 2022-23இல் இந்தியாவின் தேசிய வருமானத்தில் கீழ்ப்பாதி மக்கள் பெற்றது 15 விழுக்காடு. மேல்மட்டத்துப் பத்து விழுக்காட்டினர் பெற்றது 57.7 விழுக்காடு.

இலங்கைக்கும் இவ்வாறே இரு எண்கள் உலவுகின்றன. 2016ஆம் ஆண்டுக்கு வறிய ஐந்தில் ஒரு பங்கினரின் பங்கு 4.8 விழுக்காடு என்கிறது திணைக்களம். உலக வங்கியின் தரவுத்தளமோ ஏறத்தாழ 7 என்கிறது. இரண்டும் ஒரே ஆய்விலிருந்து வந்தவை, இரண்டிலும் பிழையில்லை. முன்னது குடும்ப வருமானம், பின்னது தலா நுகர்வு.

குடும்பமா, தலையா என்ற வேறுபாட்டைப் பலர் கவனிப்பதே இல்லை. குடும்பங்களை மொத்த வருமானப்படி வரிசைப்படுத்தினால், தனியே வாழும் முதியவரும் ஓரிருவர் மட்டுமே உள்ள வீடுகளும் அடித்தட்டில் அதிகம் சேர்கின்றன. தலைக்கு வகுத்து வரிசைப்படுத்தினால், பல வாய்களுக்குச் சோறு போட வேண்டிய பெரிய குடும்பங்கள் கீழே இறங்குகின்றன. எனவே வறிய 20 விழுக்காட்டுக் குடும்பங்களை மக்கள்தொகையின் வறிய 20 விழுக்காடு என்று மாற்றி எழுதக் கூடாது.

பங்கு சமமாக இருப்பதை நல்வாழ்வுக்குச் சான்றாகக் கொள்வது இன்னொரு தவறு. மலையகத் தோட்டத்துறை இதற்கு வலிமிகுந்த எடுத்துக்காட்டு. நகரம், கிராமம், தோட்டம் என்ற மூன்று துறைகளிலும் 2016இல் வருமானம் மிகச் சமமாகப் பரவியிருந்தது தோட்டத்துறையில்தான்; ஆனால் அங்கே ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 34,804 ரூபாய், நகரத்தில் 88,692 ரூபாய். நாடு முழுவதற்கும் 4.1 விழுக்காடாக இருந்த வறுமை, தோட்டங்களில் 8.8 விழுக்காடாக இருந்தது. ஒரே தோட்டத்தில் ஒரே நாட்கூலிக்குக் கொழுந்து பறிப்பவர்களிடையே பெரிய ஏற்றத்தாழ்வு எங்கிருந்து வரும்?

பங்கு குறைந்தால் வறியோரின் கைக்கு வரும் தொகையும் குறைந்தது என்ற முடிவுக்கும் அவசரப்படக் கூடாது. 2016இல் சராசரிக் குடும்ப வருமானம் 62,237 ரூபாய், அதன் 4.8 விழுக்காட்டை (இவர்கள் மொத்தக் குடும்பங்களில் ஐந்தில் ஒரு பங்கு என்பதால்) ஐந்தால் பெருக்கினால், வறிய ஐந்தில் ஒரு பங்கைச் சேர்ந்த குடும்பத்தின் சராசரி மாத வருமானம் ஏறக்குறைய 15,000 ரூபாய் என்று கிடைக்கும். 2019இல் சராசரி 76,414 ரூபாய், பங்கு 4.6, இதே கணக்கில் ஏறக்குறைய 17,500 ரூபாய். பங்கு இறங்கியது, தொகை ஏறியது. இடைப்பட்ட விலையேற்றத்தைக் கழித்தால் கையில் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. இம்மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் அது உண்மையான விவரிப்பு. அதிலும் இது மாதிரிக் கணக்கெடுப்பு என்பதால், புள்ளிக்குப் பின்னுள்ள ஓரிலக்க வேறுபாட்டைச் சரிவு என்று முழங்குவது முறையன்று. இரு ஆண்டுகளிலும் அடித்தட்டில் இருந்தவை ஒரே குடும்பங்கள் என்றும் கொள்ள முடியாது.

எதிர்ப்பக்கமும் உண்டு: பங்கு மாறாமலே வறியோரின் நிலை சரியக்கூடும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 70 விழுக்காட்டை நெருங்கியபோது, எல்லோருடைய வருமானமும் ஒரே விகிதத்தில் மதிப்பிழந்திருந்தால் வறியோரின் பங்கில் எந்த மாற்றமும் தெரிந்திருக்காது. ஆனால் உலக வங்கியின் மதிப்பீட்டில், 2021இல் 13.1 விழுக்காடாக இருந்த வறுமை அடுத்த ஆண்டே 25 விழுக்காடாயிற்று (இது மேலே சொன்ன 4.1 விழுக்காட்டுக்கு அடிப்படையான தேசிய வறுமைக் கோட்டின்படி அல்ல, அதைவிட உயர்ந்த வேறொரு கோட்டின்படி).