ஹோம்ஸ்கூல் பண்ற ஹைஸ்கூல் பிள்ளைக்கு ஆன்லைன் இங்கிலீஷ் க்ளாஸ்: புக் லிஸ்ட்டைப் பார்க்காதீங்க, திருத்தின பேப்பரைக் கேளுங்க

டெக்சஸ்ல இருக்கோம், பொண்ணு இப்போ லெவன்த் கிரேடு, முழுக்க ஹோம்ஸ்கூல்தான். மேத்ஸ், சயின்ஸ் எல்லாம் நம்ம வீடுகள்ல யாராவது ஒருத்தர் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்துடுவாங்க. இங்கிலீஷ்லதான் ஒன்பதாவது வந்ததும் எல்லாரும் திணறுறாங்க, ஏன்னா புள்ளை ஒரு எஸ்ஸே எழுதிட்டு வந்து "இது நல்லாருக்கா"ன்னு கேட்டா ஸ்பெல்லிங், கிராமர் தாண்டி என்ன சொல்லணும்னு நமக்குப் புரியாது. அதனால ஆன்லைன் க்ளாஸ் தேடுறோம், தேடினா நூறு வெப்சைட் வருது, எல்லாத்துலயும் அழகா ஒரு புக் லிஸ்ட், சிரிக்கிற பிள்ளைங்க போட்டோ. எங்க பொண்ணுக்கு இப்போ சரியான க்ளாஸ் அமைஞ்சு நல்லா போயிட்டிருக்கு, ப்ளேனோ பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய பேர் எப்படிப் பார்த்தீங்கன்னு கேக்குறாங்க, அதான் வரிசையா எழுதிடுறேன். ஹோம்ஸ்கூல் ஆரம்பிக்கிறது எப்படி, ஸ்கூல்லேர்ந்து பேரை எடுக்குறது எப்படிங்கறதெல்லாம் இதுல இல்ல.

படி 1: லிட்ரேச்சரா, ரைட்டிங்கா?

ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுத்தான் பலர் பணம் கட்டுறாங்க. லிட்ரேச்சர் க்ளாஸ்னா வருஷத்துக்கு ஏழெட்டு புக் படிப்பாங்க, வாரா வாரம் பேசுவாங்க, ஆனா எழுதுறது ரெண்டு எஸ்ஸேயோட முடிஞ்சுடலாம். ரைட்டிங் க்ளாஸ்ல வாரா வாரம் எழுதுவாங்க, படிக்கிறது கம்மி. உங்க புள்ளை நிறைய படிக்கும், ஆனா ஒரு பத்தி எழுதச் சொன்னா பேப்பரையே வெறிச்சுப் பார்க்கும்னா ஒன்பதாவதுல தனியா ரைட்டிங் க்ளாஸ்ல போடுங்க, புக்கை வீட்ல நீங்களே சேர்ந்து படிங்க. பத்தாவதுலேர்ந்து ரெண்டும் கலந்த முழு வருஷ க்ளாஸ் போதும். என் கருத்து இதுதான், ஒன்பதாவதுலயே கனமான லிட்ரேச்சர் க்ளாஸ்ல தள்ளுறதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

படி 2: க்ரெடிட் கணக்கு

பெரும்பாலான காலேஜ் ஹைஸ்கூல்ல நாலு வருஷ இங்கிலீஷ் எதிர்பார்க்குது, பென்சில்வேனியா மாதிரி மாநிலத்துல ஹோம்ஸ்கூல் சட்டத்துலயே நாலு வருஷம்னு இருக்கு. டெக்சஸ்ல யார்கிட்டயும் ரிப்போர்ட் பண்ண வேண்டாம், ஆனா ட்ரான்ஸ்க்ரிப்ட் (காலேஜுக்கு அனுப்புற மார்க் பட்டியல்) நீங்கதான் போடப் போறீங்க, அதுல ஒரு க்ரெடிட்னு, அதாவது ஒரு பாடத்தை ஒரு வருஷம் முடிச்சாச்சுன்னு எழுதினா அதுக்குப் பின்னாடி வேலை இருக்கணும். 1 க்ரெடிட்டுக்கு சுமார் 120 மணி நேரம்னு பொதுவா கணக்கு வச்சுக்குறாங்க. வாரத்துக்கு ஒரு மணி நேரம் லைவ், 30 வாரம்னா 30 மணி நேரம்தான் ஆச்சு. மீதி 90 மணி நேரம் படிப்பும் எழுத்துமா வீட்ல நடக்குதான்னு சிலபஸைப் பார்த்துக் கேளுங்க. சில வாரத்துல முடியுற குட்டி க்ளாஸ் எடுத்தா தப்பில்ல, அதை மாதிரி நாலஞ்சு சேர்த்து, நடுவுல வீட்ல படிச்சதையும் கூட்டி ஒரு வருஷ இங்கிலீஷா போட்டுக்கலாம்.

படி 3: திருத்தின பேப்பரைக் கேளுங்க (இதை மட்டும் விட்டுடாதீங்க)

இங்கதான் எல்லாரும் சிக்குறாங்க, அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன்.

எழுத்து வளர்றது டீச்சர் நடத்துற லெக்சர்ல கிடையாது, புள்ளை எழுதினதை ஒருத்தர் வரி வரியா படிச்சு என்ன சொல்றாங்க, அதுக்கப்புறம் புள்ளை அதைத் திரும்ப எழுதுதா, இந்த ரெண்டுலதான் இருக்கு. வெப்சைட்ல "தனிப்பட்ட ஃபீட்பேக் தரோம்"னு எல்லாரும்தான் போட்டிருப்பாங்க. அதனால சேர்றதுக்கு முன்னாடி ஒரு ஈமெயில் போடுங்க: போன வருஷ மாணவர் எஸ்ஸே ஒண்ணை, பேரை அழிச்சுட்டு, நீங்க திருத்தின குறிப்போட காட்ட முடியுமா? நல்ல டீச்சர் யாரும் இதுக்குக் கோவிச்சுக்க மாட்டாங்க, சிலர் கேக்காமலே வெப்சைட்ல வச்சிருப்பாங்க. இன்னொரு மாணவர் பேப்பரைக் காட்ட மாட்டோம்னு சிலர் சொல்லுவாங்க, அது நியாயம்தான், அப்போ உங்க புள்ளை எழுதின ஒரு பக்கத்தையே அனுப்பி, காசு கொடுத்தாவது திருத்தித் தரச் சொல்லுங்க.

வந்த பேப்பர்ல என்ன பார்க்கணும்? ஒரு நாவல்ல வர்ற அப்பா ஏன் வாயே திறக்க மாட்டேங்குறார்ங்கறது எஸ்ஸே கேள்வின்னு வைங்க. புள்ளை ஒரு மேற்கோள் போட்டு, அடுத்த வரில அந்தக் கதையையே திரும்பச் சொல்லிருக்கு. ஒரு டீச்சர் ஓரத்துல "நல்ல பாயிண்ட், இன்னும் விரிவா எழுதலாம்"னு போட்டு 88 மார்க் கொடுக்குறாங்க. இன்னொருத்தர் இப்படி எழுதுறாங்க: "மூணாவது வரில மேற்கோள் போட்ட, நாலாவது வரில அதையே உன் வார்த்தைல சொல்லிட்ட. பையன் அவ்வளவு நேரம் பேசுறான், அப்பா 'சரி'ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுடுறார். அந்த ஒரு வார்த்தை கோவமா, பயமா? எதுன்னு நீ நெனக்கிற, எதை வச்சு அப்படிச் சொல்றன்னு ரெண்டு வரி எழுதி வியாழக்கிழமை திரும்ப அனுப்பு." முதல் குறிப்பை வச்சுக்கிட்டு புள்ளை ஒண்ணும் பண்ண முடியாது. ரெண்டாவதைப் படிச்சா அடுத்து எங்க கை வைக்கணும்னு புள்ளைக்கே தெரிஞ்சுடும்.

கூடவே இதையும் கேட்டுடுங்க. திருத்தினதுக்கு அப்புறம் திரும்ப எழுதினா அந்த மார்க் மாறுமா? பேப்பர் எத்தனை நாள்ல திரும்பி வரும்? ஒரு மாசம் கழிச்சு வந்தா புள்ளைக்கு என்ன எழுதினோம்னே மறந்து போயிருக்கும், ஒரு வாரம் பத்து நாள்தான் சரி. திருத்துறது நடத்துற டீச்சரேவா, வேற கிரேடர் இருக்காங்களா? ஒரு டீச்சர்கிட்ட மொத்தம் எத்தனை பேர்? ஒரு செக்ஷன்ல 12 பேர்னு பெருமையா போட்டிருப்பாங்க, ஆனா அவங்களுக்கு எட்டு செக்ஷன் இருந்தா அவ்வளவு பேப்பரையும் வரி வரியா யாரால திருத்த முடியும்?

படி 4: லைவா, நம்ம நேரத்துக்கா?

பேச ஆசைப்படுற புள்ளைக்கு லைவ். யோசிச்சு எழுதுற புள்ளைக்கு எழுத்துலயே நடக்குற க்ளாஸ். பிரேவ் ரைட்டர்ங்கற ஆன்லைன் ரைட்டிங் க்ளாஸ்ல பெரும்பாலும் இப்படித்தான், வீடியோ கால் இல்லாம, போட்ட எழுத்துக்குக் கீழயே டீச்சர் பதில் எழுதுவாங்க, பயந்த புள்ளைங்களுக்கு இது ரொம்ப ஒத்துவரும். வெல் ட்ரெய்ன்ட் மைண்ட் அகாடமி மாதிரி இடங்கள்ல முழு வருஷ லைவ் க்ளாஸ், ஹோம்வொர்க் கனமா இருக்கும். அவுட்ஸ்கூல்ங்கற வெப்சைட் ஒரு சந்தை மாதிரி, தனித்தனி டீச்சருங்க க்ளாஸ் போடுவாங்க, டீச்சருக்கு டீச்சர் தரம் மாறும், அதனால அங்க போறவங்க படி 3-ஐ ரெண்டு தடவை படிங்க.

படி 5: மதம் சம்பந்தமா ஒரு தடவை பார்த்துடுங்க

அமெரிக்க ஹோம்ஸ்கூல் க்ளாஸ்கள்ல நிறைய கிறிஸ்தவக் கண்ணோட்டத்துல நடத்துறது. அதுல அருமையான டீச்சருங்க இருக்காங்க, எழுத்துப் பயிற்சி பிரமாதமா இருக்கும், கிறிஸ்தவக் குடும்பம்னா அதுவே உங்களுக்கு இன்னும் பொருத்தமா இருக்கலாம். ஆனா கதையை அந்த நம்பிக்கை வழியாத்தான் அலசணும்னு எஸ்ஸே கேள்வியே வர்றப்போ மத்த வீட்டுப் புள்ளை தவிச்சுப் போயிடும். வெப்சைட்ல "நாங்கள் நம்புவது"ன்னு ஒரு பக்கம் இருக்கான்னு பாருங்க, இருந்தா படிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

படி 6: ஏபியா, கம்யூனிட்டி காலேஜா?

லெவன்த், ட்வெல்த்துக்கு வர்ற கேள்வி. ஏபின்னா ஹைஸ்கூல்லயே படிக்கிற காலேஜ் லெவல் பாடம், பரீட்சையை காலேஜ் போர்டுங்கற அமைப்பு நடத்துது. இங்கிலீஷ்ல ஏபி ரெண்டு இருக்கு, லேங்குவேஜ், லிட்ரேச்சர். ரெண்டுலயும் மூணு எஸ்ஸே எழுதணும், ஒவ்வொண்ணுக்கும் 6 பாயிண்ட், அதுல 4 பாயிண்ட் ஆதாரத்துக்கும் அதை விளக்குறதுக்கும்தான். மேல சொன்ன 'சரி' விஷயம் எதுக்குன்னு இப்போ புரியுதா? 2025 மே மாசத்துலேர்ந்து ரெண்டு பரீட்சையும் ப்ளூபுக் ஆப்ல டைப் பண்ணித்தான், அதனால டைப்பிங் வேகமும் முக்கியம். ட்ரான்ஸ்க்ரிப்ட்ல ஏபின்னு போடணும்னா சிலபஸ் காலேஜ் போர்டு அனுமதி வாங்கியிருக்கணும், பிஏ ஹோம்ஸ்கூலர்ஸ் மாதிரி ஏபிக்குன்னே ஹோம்ஸ்கூல் பிள்ளைங்களுக்கு நடத்துற இடங்கள் இருக்கு. க்ளாஸ் இல்லாம வீட்லயே படிச்சு பரீட்சை மட்டும் எழுதவும் முடியும்.

கம்யூனிட்டி காலேஜ்ல (உள்ளூர் ரெண்டு வருஷ காலேஜ்) டூயல் என்ரோல்மென்ட் போனா, அதாவது ஹைஸ்கூல்ல இருக்கும்போதே காலேஜ் க்ளாஸ் எடுத்தா, ஒரு செமஸ்டர்ல காம்போசிஷன் (எஸ்ஸே எழுதுற பாடம்) முடிஞ்சுடும், செலவும் பொதுவா கம்மி. ஆனா அந்த கிரேடு நிரந்தரமா காலேஜ் ரெக்கார்டுல உட்கார்ந்துடும், 15 வயசுல ஒரு 'சி' வாங்கினா அதைப் பின்னாடி விண்ணப்பிக்கிற காலேஜுக்கும் காட்டணும். எழுத்து ஓரளவு நிலைச்சதுக்கு அப்புறம் அனுப்புங்க.

படி 7: எதுல எழுதுறது

கூகுள் டாக்ஸ், வேற எதுவும் வேண்டாம். க்ளாஸ் போர்ட்டல்ல இருக்குற டப்பாக்குள்ள நேரா டைப் பண்ண விடாதீங்க. டாக்ஸ்ல வெர்ஷன் ஹிஸ்டரி இருக்கு, முதல் டிராஃப்ட்லேர்ந்து கடைசி வரைக்கும் என்ன மாறுச்சுன்னு தேதியோட பார்க்கலாம். இப்போ இது ரொம்ப அவசியம், ஏன்னா ஏஐ டிடெக்டர் சாஃப்ட்வேர் சொந்தமா எழுதின புள்ளையையும் சில நேரம் தப்பா காட்டிடுது, அப்போ கையில இருக்குற சாட்சி அந்த ஹிஸ்டரிதான். க்ளாஸோட ஏஐ பாலிசி என்னன்னு முன்னாடியே எழுத்துல வாங்கிக்குங்க, ஐடியா கேக்கலாமா, கிராமர் டூல் யூஸ் பண்ணலாமா, எல்லாம்.

நல்ல டீச்சர்களோட செக்ஷன் ஃபால் சீசனுக்கு வசந்த காலத்துலயே நிறைஞ்சுடும், அதனால பிப்ரவரி, மார்ச்லயே ஈமெயில் போட ஆரம்பிங்க. ரீஃபண்ட் கடைசி தேதியை காலண்டர்ல போட்டு வைங்க, முதல் எஸ்ஸே திரும்பி வர்றதுக்குள்ள அந்தத் தேதி போயிடுமான்னும் பாருங்க.

அப்டேட்: கோயம்புத்தூர்லேர்ந்து ஒரு அம்மா, அமெரிக்க லைவ் க்ளாஸ் சேர்த்தோம், நவம்பர்ல நேரம் மாறிடுச்சுன்னு எழுதியிருந்தாங்க. ஆமாங்க, ஈஸ்டர்ன் நேரம் மதியம் 1 மணி க்ளாஸ் செப்டம்பர்ல உங்களுக்கு ராத்திரி 10:30, நவம்பர் முதல் ஞாயிறுக்கு அப்புறம் 11:30, திரும்ப மார்ச் ரெண்டாவது ஞாயிறுலதான் பழைய நேரம் வரும். வளர்ற புள்ளையை அந்த நேரத்துல முழிக்க வைக்காதீங்க, எழுத்து வழியா நடக்குற க்ளாஸே எடுங்க.

இன்னொரு அப்டேட்: ஏபி பரீட்சை எங்க எழுதுறதுன்னு நிறைய பேர் கேட்டுட்டீங்க. ஆன்லைன் க்ளாஸ்காரங்க பரீட்சை இடம் தர மாட்டாங்க, பக்கத்துல இருக்குற ஸ்கூல்ல ஏபி பரீட்சையைக் கவனிச்சுக்குற கோஆர்டினேட்டர் ஒத்துக்கணும், எல்லா ஸ்கூலும் வெளிப் பிள்ளைங்களைச் சேர்க்குறதில்ல. பரீட்சை மே மாசம்தான்னாலும் ஸ்கூல் அதுக்கு ஆர்டர் போடுறது நவம்பர் நடுவுலயே முடிஞ்சுடும், நிறைய ஸ்கூல்ல அவங்களே வச்சிருக்குற கடைசி தேதி இன்னும் முன்னாடி. ஆகஸ்ட்லயே நாலஞ்சு ஸ்கூலுக்கு ஃபோன் பண்ணுங்க, ஒத்துக்கிட்டவங்க பேரு, தேதி, ஃபீஸ் மூணையும் ஈமெயில்ல வாங்கி வச்சுக்குங்க.