ஜெயித்த ராத்திரிக்கும் கணக்கு எழுதுங்கள்

என் போக்கர் நோட்டில் அடுத்தடுத்து இரண்டு குறிப்புகள் இருக்கின்றன.

"இரண்டு ஏஸ். எதிரே இரண்டு கிங். ஃப்ளாப்புக்கு முன்பே ஆல்-இன். கடைசிச் சீட்டு கிங். எல்லாம் போச்சு. ஆடியது சரி."

"ஆர்ட்டின் 9, ஆர்ட்டின் 8. கடைசிச் சீட்டில் ஃப்ளஷ். 260 சிப் வந்தது. ஆடியது தப்பு."

இரண்டாவது குறிப்பில் "ஆடியது தப்பு" என்பது மட்டும் வேறு மையில் இருக்கும். இரண்டரை மாதம் கழித்துச் சேர்த்தது அது. அந்த இரண்டரை மாதமும் என்னைப் பெரிய ஆட்டக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆட்டத்துக்கென்று ஒரு கவரில் ஒதுக்கி வைத்திருந்த பணம் கரைந்ததும் அப்போதுதான்.

கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். ஆறு வருடமாக சனிக்கிழமை ராத்திரி ஆறு பேர் கூடி டெக்சஸ் ஹோல்டெம் ஆடுகிறோம். போக்கரில் ஒரு வகை அது. ஆளுக்கு இரண்டு சீட்டு கையில் மறைவாக வரும். மேசையில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று சீட்டு (ஃப்ளாப்), பிறகு ஒன்று (டர்ன்), கடைசியில் ஒன்று (ரிவர்) விழும். இந்த ஏழில் சிறந்த ஐந்தை வைத்துத்தான் யார் ஜெயித்தார் என்று பார்ப்பது; ஐந்தும் ஒரே சாதியானால் அது ஃப்ளஷ். பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லைதான் சிப். ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் சிப் வைத்தால் (பெட்), அதே அளவு போட்டுத் தொடரலாம் (கால்), இல்லாவிட்டால் சீட்டை மடித்து விலகலாம். இருக்கும் சிப் முழுவதையும் வைப்பது ஆல்-இன். நடுவில் சேரும் குவியலுக்குப் பாட் என்று பெயர். இதையே தொழிலாக்கும் எண்ணம் எங்களில் யாருக்கும் கிடையாது. புதிதாக ஆட வருகிறவர்கள், தோற்றால் எப்படித் தாங்குவது என்று கேட்பார்கள். தோல்வியைத் தாங்கிவிடலாம், வலித்தால் மனிதன் தானாக ஜாக்கிரதையாகிவிடுவான். என்னைப் பாடாய்ப்படுத்தியது வெற்றிதான். என் மனைவி இதை எனக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டாள். "நீங்க ஜெயிச்ச அன்னைக்குத்தான் தூங்க மாட்டேங்கறீங்க" என்றாள் ஒரு நாள்.

முதலில் பணம்

நீங்கள் இருக்கும் இடத்தில் பணம் வைத்து ஆடச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இது நாட்டுக்கு நாடு மாறும். நேரில் ஆடுவதற்கு ஒரு சட்டம், ஆன்லைனுக்கு வேறு சட்டம் என்றும் இருக்கும். இடமில்லை என்றால் வெறும் சிப்பை வைத்து ஆடுங்கள். கீழே சொல்வதில் முக்கால்வாசி அதற்கும் பொருந்தும்.

பணம் வைத்துத்தான் என்றால் வருடத்துக்கு ஒரு தொகையைத் தனிக் கவரில் போட்டுவிடுங்கள். அது முழுவதும் போனாலும் வீட்டில் ஒரு செலவும் தள்ளிப்போகக் கூடாது. அந்த அளவில்தான் இருக்க வேண்டும். கவர் காலியானால் அந்த வருடத்து ஆட்டம் முடிந்தது. ஒரு ராத்திரிக்கு இரண்டு பை-இன் (ஆட உட்காரும்போது வாங்கும் சிப்), அதற்கு மேல் கிடையாது. ஒரு பை-இன் என்றால் பொதுவாக 100 பெரிய பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே ஒருவர் கட்டாயமாக வைக்க வேண்டிய தொகை). லாபத்தையும் பணமாக எண்ணாமல் பிளைண்ட் கணக்கில் எழுதிப் பழகுங்கள், பாதி படபடப்பு அடங்கிவிடும்.

எங்கள் மேசையில் கடன் சிப் கிடையாது. ஆரம்பத்தில் இருந்தது. ஒரே ராத்திரியில் மூன்று முறை கடன் வாங்கிய நண்பர் அடுத்த இரண்டு மாதம் எங்கள் போனையே எடுக்கவில்லை. அதோடு நிறுத்திவிட்டோம். கிளப்பில் ஆடுகிறவர்களுக்கு இன்னொரு செலவு உண்டு. பாட்-ல் சேரும் பணத்திலிருந்து மேசைக்காரர் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார், அதற்கு ரேக் என்று பெயர். ஒரே தரத்து ஆட்டக்காரர்கள் ஆறு பேர் உட்கார்ந்தால் அந்த ஆறு பேருமே மெல்ல மெல்ல அவரிடம் தோற்றுக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு வருடம் ஆடினால்தான் கொஞ்சம் தெரியும்

ஒரு முறை சீட்டுப் போட்டு, பாட் ஒருவர் கைக்குப் போய் முடிவதை ஒரு 'கை' என்று வைத்துக்கொள்வோம். நாமே கலைத்து, நாமே போட்டு, நடுவே அரட்டையும் அடித்தால் மணிக்கு 25 கை ஆகும். நான்கு மணி நேரத்துக்கு 100. வாரம் தவறாமல் ஆடினாலும் வருடத்துக்கு 5,000 கை.

இனி நல்ல ஆட்டக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கைக்குச் சராசரியாக 5 பெரிய பிளைண்ட் ஜெயிக்கிறவர். ஆறு பேர் மேசையில் 100 கைக்குள் ஏற்றமும் இறக்கமும் எவ்வளவு இருக்கும் என்றால், புள்ளியியல்காரர்கள் சொல்லும் திட்ட விலக்கம் சுமார் 90 பெரிய பிளைண்ட். திறமையால் வருவது 5, அலை 90. இதைக் கணக்குப் போட்டால், அந்த நல்ல ஆட்டக்காரரே 100 ராத்திரியில் ஏறக்குறைய 48 ராத்திரி தோற்றுத்தான் எழுந்திருப்பார். இரண்டு வருடம், அதாவது 10,000 கை ஆடிய பிறகும் அவர் நஷ்டத்தில் நிற்க பத்துக்கு மூன்று வாய்ப்பு இருக்கிறது.

இந்தக் கணக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போட்டுப் பார்த்தேன். தப்புப் போட்டுவிட்டோமோ என்று மறுபடியும் போட்டேன். தப்பில்லை. மூன்று சனிக்கிழமை தொடர்ந்து ஜெயித்ததை வைத்து நான் கட்டிய கோட்டையெல்லாம் 300 கை மேல் நின்றிருந்தது.

2019-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து உருவாக்கிய புளூரிபஸ் என்ற நிரல் ஆறு பேர் மேசையில் தேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. ஐந்து மனிதர்களோடு 12 நாளில் 10,000 கை ஆடியது. அத்தனை கைக்குப் பிறகும் சீட்டு விழுந்த அதிர்ஷ்டத்தைக் கழித்துப் பார்க்க அந்த ஆராய்ச்சியாளர்கள் தனியாக ஒரு கணக்கு முறையைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. நாமோ ஒரே ராத்திரியில் முடிவுக்கு வந்துவிடுகிறோம்.

கிறிஸ் மணிமேக்கர் கதையை யாராவது உங்களிடம் சொல்லத்தான் போகிறார்கள். அமெரிக்காவில் கணக்காளர், 86 டாலர் ஆன்லைன் தகுதிச் சுற்றில் ஜெயித்து, 10,000 டாலர் நுழைவுக் கட்டணம் உள்ள போக்கர் உலகத் தொடரின் முக்கியப் போட்டிக்கு 2003-ல் போனவர். 839 பேர் ஆடிய அந்தப் போட்டியில் 25 லட்சம் டாலர் வென்றார். அவரும் கணக்காளர், நானும் கணக்காளர். அந்த ஒற்றுமை என்னை எவ்வளவு கெடுத்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். மீதி 838 பேரும் அவரைப் போலவே ஏதோ ஒரு நம்பிக்கையோடுதான் உட்கார்ந்திருப்பார்கள் என்பது வெகு நாள் கழித்துத்தான் உறைத்தது.

ஆட்டம்

ஹோல்டெமில் கையில் வரும் இரண்டு சீட்டுக்கு 1,326 சேர்க்கை உண்டு. எந்தச் சாதி (ஆர்ட்டின், கிளாவர் மாதிரி) என்று பார்க்காமல், இரண்டும் ஒரே சாதியா வேறா என்று மட்டும் பார்த்துச் சுருக்கினால் 169 வகை. இதில் பெரும்பாலானவை மடித்துப் போட வேண்டியவை. ஆறு பேர் மேசையில் நான்குக்கு ஒரு கை ஆடினாலே தாராளம். ஜோடியாக இரண்டு சீட்டு வருவது 17 கைக்கு ஒரு முறை, இரண்டு ஏஸ் வருவது 221 கைக்கு ஒரு முறை. எங்கள் வேகத்தில் இரண்டு சனிக்கிழமைக்கு ஒரு தடவை ஏஸ் ஜோடியைக் கண்ணில் பார்க்கலாம். மீதி நேரமெல்லாம் மற்றவர்கள் ஆடுவதை வேடிக்கை பார்க்கப் பழக வேண்டும். சலிப்பில் போட்ட பெட்தான் என் நோட்டில் அதிகம். டீலர் பட்டன் (சீட்டுப் போடுகிறவரின் இடத்தைக் காட்டும் வில்லை) உங்கள் முன்னால் இருந்தால், ஃப்ளாப்பிலிருந்து நீங்கள்தான் கடைசியாகப் பேசுவீர்கள். அப்போது கொஞ்சம் தாராளமாக ஆடலாம். முதலில் பேச வேண்டிய இடத்தில் கஞ்சத்தனம் நல்லது.

அந்த ஃப்ளஷ் கையைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்ப்போம்.

என்னிடம் ஆர்ட்டின் 9, 8. மேசையில் ஆர்ட்டின் கிங், ஆர்ட்டின் 4, கிளாவர் 2, பிறகு டர்னில் இஸ்பேட் ஜாக். பாட்-ல் 100 சிப். எதிரே பல் டாக்டர், எங்கள் கூட்டத்திலேயே நிதானமான ஆள். அவர் 100 வைத்தார். அவரிடம் மிச்சம் 60.

எனக்கு இன்னும் ஒரு ஆர்ட்டின் வேண்டும். மொத்தம் 13-ல் நான்கு தெரிந்துவிட்டது, மிச்சம் 9. நான் பார்க்காத சீட்டுகள் 46. ஆக 46-க்கு 9, அதாவது 100-க்கு 19 அல்லது 20. மேசையில் இவ்வளவு யோசிக்க முடியாது என்றால் ஒரு சுருக்கு வழி உண்டு. உங்களுக்கு உதவும் சீட்டுகளின் எண்ணிக்கையை, ஒரு சீட்டு பாக்கி என்றால் 2-ஆலும், இரண்டு சீட்டு பாக்கி என்றால் 4-ஆலும் பெருக்குங்கள். 9 இரண்டு 18. கிட்டத்தட்ட சரி.

இனி விலை. 100 போட்டால் ஏற்கெனவே உள்ள 100-உம் அவர் வைத்த 100-உம் கிடைக்கும். அதற்கு மூன்றுக்கு ஒரு முறையாவது ஜெயிக்க வேண்டும். எனக்கு இருப்பதோ ஐந்துக்கு ஒன்று. ஃப்ளஷ் வந்தால் அவருடைய கடைசி 60-ஐயும் வாங்கிவிடலாம் என்றே வையுங்கள். 46 முறை இதே மாதிரி ஆடினால் 9 முறை 260 வீதம் 2,340 வரும், 37 முறை 100 வீதம் 3,700 போகும். ஒரு தடவை கால் செய்தால் சராசரியாக 30 சிப் நஷ்டம்.

நான் கால் செய்தேன். ரிவரில் ஆர்ட்டின் 3. டாக்டர் ஏஸ்-கிங்கைத் திருப்பிக் காட்டிவிட்டு, "சரிப்பா" என்று மட்டும் சொன்னார். பாட் முழுவதையும் இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டேன். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு எந்த ஃப்ளஷ் வாய்ப்பு வந்தாலும், எவ்வளவு விலை கேட்டாலும் கால் செய்துகொண்டே போனேன். "அன்னைக்கு வந்துச்சே" என்பதுதான் என் மொத்த நியாயம். 30 சிப் நஷ்டத்தை நானே வலியப் போய் வாங்கிக்கொண்டிருந்தது ஒரு தடவைகூட உறைக்கவில்லை.

இரண்டு ஏஸ் வைத்து இரண்டு கிங்கிடம் தோற்ற கைக்கு இப்படிப் பின்விளைவே இல்லை. 100-க்கு 82 என் பக்கம். 18 வந்துவிட்டது. ஒரு ராத்திரி புலம்பினேன், அவ்வளவுதான்.

எழுந்திருக்கும் நேரம்

பின்பால் இயந்திரத்தை ஆத்திரத்தில் உலுக்கினால் ஆட்டம் நின்று 'டில்ட்' என்று விளக்கெரியும். போக்கர்காரர்களின் டில்ட் என்ற சொல் அங்கிருந்து வந்ததாகச் சொல்வார்கள். தோற்ற வேகத்தில் கண்மண் தெரியாமல் ஆடுவதுதான் அது. ஒவ்வொருவருக்கும் அடையாளம் வேறு. நான் சிப்பை அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்க ஆரம்பித்துவிடுவேன். எனக்குத் தெரியாது, பக்கத்தில் இருக்கிறவனுக்குத் தெரியும். "மாப்ள, போய் மூஞ்சியைக் கழுவிட்டு வா" என்பான். உங்களுக்கும் அப்படி ஒருவரை நியமித்துவிடுங்கள். அவர் சொன்னால் கேள்வி கேட்காமல் எழுந்துவிட வேண்டும்.

ஜெயித்த வேகத்துக்கும் இதே மருந்துதான். ஆனால் யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள், சிப் உங்களிடம் இருக்கும்போது உங்களை எழுப்பி விடுவதில் யாருக்கு ஆர்வம்? அதனால் ஆரம்பிக்கும்போதே முடியும் நேரத்தைச் சொல்லிவிடுங்கள். எங்களுக்குப் பன்னிரண்டு மணி. லாபம், நஷ்டம் எதுவானாலும் பன்னிரண்டுக்குச் சீட்டுக்கட்டு பெட்டிக்குள் போய்விடும்.

நோட்டு

மேலே நான் காட்டியது பழைய முறை, முடிவும் தீர்ப்பும் ஒரே வரியில். முடிவு கண்ணில் பட்டால் தீர்ப்பு அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. இப்போது ஒரு ராத்திரிக்கு மூன்று கையை மட்டும் குறிக்கிறேன். என் சீட்டு, மேசைச் சீட்டு, பாட்-ல் எவ்வளவு, யார் எவ்வளவு வைத்தார், நான் என்ன செய்தேன், இவ்வளவும் முன்பக்கம். என்ன ஆயிற்று என்பது பின்பக்கம். ஞாயிறு காலையில் முன்பக்கத்தை மட்டும் படித்து, சரி, தப்பு, தெரியவில்லை என்று மூன்றில் ஒன்றை எழுதுவேன். அதன் பிறகுதான் திருப்புவேன். ஜெயித்த ராத்திரியானால் கட்டாயம் எழுதுவேன். தோற்ற ராத்திரிக்குச் சில சமயம் சோம்பல் பட்டதுண்டு.

நோட்டை வீட்டில் மறைத்து வைக்கத் தோன்றினாலோ, கவருக்கு வெளியே கை போனாலோ, போன வாரம் விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று புதன்கிழமையே மனம் அலைந்தாலோ, அதற்குப் பெயர் பொழுதுபோக்கு இல்லை. ஆட்டத்தை நிறுத்திவிட்டு நெருங்கிய ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் மனநல ஆலோசகரிடம் போங்கள். எங்கள் ஆறு பேரில் ஒருவர் அப்படி ஒரு வருடம் விலகியிருந்தார். திரும்பி வந்தபோது வெறும் சிப்புக்குத்தான் ஆடுவேன் என்றார். அவர் வரும் நாட்களில் நாங்களும் வெறும் சிப்புக்கே ஆடுகிறோம்.

போன சனிக்கிழமைப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: நான்கு மணி நேரம், 35 பெரிய பிளைண்ட் நஷ்டம். முதல் கை சரி. இரண்டாவது சரி. மூன்றாவதில் ரிவரில் டாக்டர் பாட் அளவுக்கு பெட் வைக்க, ஜாக் ஜோடியை மடித்துப் போட்டேன். அதற்கு எதிரே "தெரியவில்லை." பின்பக்கமும் காலி, ஏனென்றால் அவர் சீட்டைக் காட்டவே இல்லை. இந்த வாரம் கேட்க வேண்டும். கையில் ஒன்றும் இல்லை, பிளஃப்தான் என்று சிரித்துக்கொண்டே சொல்வார், அதை நம்பலாமா என்பதற்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும்.