மென்பொருள் நூலகம் எதுவுமின்றிக் கல்லடிப் பாலத்தை வரைதல்

கணினி வரைகலையைக் கற்க விரும்பும் மாணவர்கள் பலர் பெரிய மென்பொருளொன்றைத் தரவிறக்குவதிலிருந்தே தொடங்குகிறார்கள். உயர்தரத் தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் படிக்கும் பைத்தன் ஒன்றே தொடக்கத்துக்குப் போதுமானது என்பது என் உறுதியான கருத்து. மட்டக்களப்பு மாணவர்களுக்கு வரைவதற்கேற்ற பொருளும் அருகிலேயே இருக்கிறது: நேரான இரும்புச் சட்டங்களாலான பழைய கல்லடிப் பாலம்.

படம் என்பது கணினிக்கு எண்களின் பட்டியலே. 400 பிக்சல் அகலமும் 300 பிக்சல் உயரமும் கொண்ட படத்துக்கு 120,000 இடங்களுள்ள பட்டியலை உருவாக்கி, ஒவ்வோர் இடத்திலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுக்கு 0 முதல் 255 வரையான மூன்று எண்களை இடுங்கள். ஒரு பிக்சலின் இடத்தை அறிய, அதன் வை ஆள்கூற்றை 400ஆல் பெருக்கி எக்ஸ் ஆள்கூற்றைக் கூட்ட வேண்டும். இங்கே உற்பத்திப் புள்ளி இடப்பக்க மேல் மூலையில் இருப்பதால், கணிதப் பாடத்தில் வரையும் வரைபுக்கு மாறாக, வை கீழ்நோக்கியே அதிகரிக்கும். பட்டியலை, நிற எண்களை அப்படியே எழுதிவைக்கும் எளிய பட வடிவமான பிபிஎம் (PPM) கோப்பாக எழுதினால் கிம்ப் (GIMP) என்னும் படத் தொகுப்பு மென்பொருளில் திறந்து பார்க்கலாம்.

அடுத்தது கோடு; நிதானமாகச் செய்ய வேண்டிய பகுதி இதுதான். (50, 150) இலிருந்து (90, 70) வரை செல்லும் சாய்சட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸை ஒவ்வொன்றாகக் கூட்டி, படித்திறனைக் கொண்டு வையைக் கணித்தால் 41 பிக்சல்களே நிறம் பெறும். வை ஒவ்வொரு முறையும் இரண்டிரண்டாகக் குறைவதால் கோடு புள்ளிப் புள்ளியாக உடைந்து தெரியும். வையை ஒவ்வொன்றாக மாற்றி அதற்குரிய எக்ஸைக் கணித்து முழு எண்ணாக்கினால் 81 பிக்சல்களும் இடைவெளியின்றி அமையும். ஆகவே எந்தத் திசையில் வேறுபாடு பெரிதோ அந்தத் திசையிலேயே படிப்படியாக நகர வேண்டும். இதே வேலையை முழு எண்களின் கூட்டல், கழித்தல், ஒப்பீடு ஆகியவற்றால் மட்டுமே செய்யும் வழியை ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஜாக் பிரெசன்ஹாம் 1962இல் உருவாக்கினார். அது 1965இல் வெளியானது. முதலில் மேற்கூறிய எளிய முறையை எழுதி, அது சரியாக இயங்கிய பின்னரே அவருடைய முறைக்குச் செல்லுங்கள்.

பாலம் முழுவதையும் கோடு கோடாக எழுதத் தேவையில்லை. 40 பிக்சல் அகலமுள்ள ஒரு கட்டத்தின் முனைப்புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு, எக்ஸ் ஆள்கூறுகளுடன் 40, 80, 120 எனக் கூட்டி மீண்டும் மீண்டும் வரைந்தால் பாலம் நீண்டுவிடும், இதுவே இடப்பெயர்ச்சி. உருவைப் பெரிதாக்க ஆள்கூறுகளை நேரடியாகப் பெருக்கினால் பாலமும் இடம்விட்டு நகரும் என்பதால், நிலையாக நிற்க வேண்டிய புள்ளியின் ஆள்கூறுகளை முதலில் கழித்து, பெருக்கி, பின்னர் மீண்டும் கூட்டுங்கள்.

பாலத்தின் கீழுள்ள வாவியில் விழும் பிம்பத்துக்கும் புதிய செய்நிரல் தேவையில்லை. நீர்மட்டம் வை 160இல் இருந்தால் ஒவ்வொரு முனைப்புள்ளியின் வையையும் 320இலிருந்து கழித்து, நிற எண்களைப் பாதியாக்கி, கோடு வரைய எழுதிய அதே சார்பை (function) மறுபடி அழையுங்கள்.