கிடாரைப் பாட வைக்கும் வழி: ஜெஃப் பெக்கின் ‘ப்ளோ பை ப்ளோ’வைக் காதால் கற்பது

முதல் வாரம் கிடாரைத் தொடவே வேண்டாம். கொடைக்கானல் நாயுடுபுரத்தில் என் வீட்டுக்கு வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் இதைத்தான் முதலில் சொல்வேன். சில பிள்ளைகளுக்கு முகம் சுருங்கிவிடும். பரவாயில்லை. இந்த ஆல்பத்தைப் பொறுத்தவரை வாயில் வராதது விரலில் வராது. பத்துப் பன்னிரண்டு வருடமாகச் சொல்லிக்கொடுத்துப் பார்த்த பிறகு இதை உறுதியாகச் சொல்கிறேன்.

ஆல்பம் 1975-ல் வந்த ‘ப்ளோ பை ப்ளோ’. வாசித்தவர் இங்கிலாந்தின் ராக் கிடார் கலைஞர் ஜெஃப் பெக். 1965-ல் கிடார் கலைஞர் எரிக் கிளாப்டன் விலகிய இடத்துக்கு யார்ட்பேர்ட்ஸ் என்ற ராக் குழுவில் சேர்ந்தவர். 2023 ஜனவரியில், 78-வது வயதில் காலமானார். இந்த ஆல்பத்தில் பாடகர் கிடையாது. ஒன்பது பாட்டு, மொத்தம் 45 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. தயாரித்தவர் பீட்டில்ஸ் குழுவின் தயாரிப்பாளரான ஜார்ஜ் மார்ட்டின். பாடகரே இல்லாத ஒரு ராக் கிடார் ஆல்பம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் நான்காம் இடம் வரை போனது. காரணம் எனக்கு எளிதாகத் தெரிகிறது. இதைக் கேட்டவர்கள் குளிக்கும்போது முணுமுணுத்திருப்பார்கள். வேகம் காட்டும் கிடார் ஆல்பங்கள் எத்தனையோ உண்டு. முணுமுணுக்க முடிவது அவற்றில் கொஞ்சம்தான்.

எனக்கு இது சித்தப்பா வழியாக வந்தது. மதுரையில் யாரிடமோ இருந்த இசைத்தட்டிலிருந்து 90 நிமிட கேசட்டின் ஒரு பக்கத்தில் பதிந்து கொண்டு வந்தார். ஒரு பக்கம் 45 நிமிடம். தட்டைத் திருப்பிப் போட்ட நேரத்தில் கொஞ்சம் நாடா வீணானதால், கடைசிப் பாட்டு முடிவதற்கு முன்பே கேசட் நின்றுவிடும். அந்தப் பாட்டு அப்படித்தான் முடியும் என்றே பல வருடம் நினைத்திருந்தேன்.

சரி, முதல் வாரம் என்ன செய்ய வேண்டும்? நடக்க வேண்டும். கொடைக்கானல் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர், சாதாரண நடையில் ஒரு மணி நேரம். ஆல்பம் அதற்குள் முடிந்துவிடும். காலை ஆறரைக்குப் போனால் சைக்கிள் வாடகைக்காரர்கள்கூட வந்திருக்க மாட்டார்கள். முதல் நாள் சும்மா கேளுங்கள். இரண்டாம் நாள் கீழ் சுரங்களை வாசிக்கும் பேஸ் கிடார் மட்டும்: ஃபில் சென், ஜமைக்காவில் பிறந்தவர். மூன்றாம் நாள் டிரம்ஸ்: ரிச்சர்ட் பெய்லி. நான்காம் நாள் கீபோர்டு: மேக்ஸ் மிடில்டன். ‘ஃப்ரீவே ஜாம்’ இவர் எழுதியதுதான். ஐந்தாம் நாள்தான் கிடார். அதற்குள் மற்ற மூன்று பேரும் காதில் உட்கார்ந்துவிட்டிருப்பார்கள். கிடார் எப்போது பேசுகிறது, எப்போது வாயை மூடிக்கொண்டு மற்றவர்களுக்கு இடம் விடுகிறது என்பது அப்போதுதான் பிடிபடும்.

இரண்டாம் வாரம் பாட்டு. ‘காஸ் வீவ் எண்டட் ஆஸ் லவர்ஸ்’ என்பதிலிருந்து தொடங்குங்கள். எழுதியவர் ஸ்டீவி வொண்டர். பெக்குக்கு முன்னால், 1974-ல், சிரீட்டா என்ற பாடகி இதை வார்த்தைகளோடு பாடி வெளியிட்டிருக்கிறார். முதலில் அதைத் தேடிக் கேளுங்கள். அவர் எங்கே மூச்சு எடுக்கிறார், எந்த வார்த்தையைப் பிடித்து நிறுத்துகிறார், எதைச் சட்டென்று விடுகிறார் என்று கவனியுங்கள். பிறகு பெக்கைக் கேட்டால் அந்த மூச்சு கிடாரிலும் இருப்பது தெரியும். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் ஒரு இடைவெளி இருக்கும். கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் அந்த இடைவெளியில்தான் நாலு சுரம் கூடுதலாகப் போட்டு நிரப்புவார்கள். நிரப்பாதீர்கள்.

பாட்டு சி மைனரில் இருக்கிறது. சுருதிப் பெட்டிச் செயலியில் ஒரு கட்டை வையுங்கள், அதுதான் சி. அந்தச் சுருதி இடறினால் ஸ்தாயியை மாற்றிக்கொள்ளலாம், சுருதியை மாற்ற வேண்டாம். கர்நாடக சங்கீதம் கொஞ்சம் படித்தவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: சி மைனரின் ஏழு சுரமும் நடபைரவியின் ஏழு சுரமும் ஒன்றே. அதற்காக இதை நடபைரவி என்று நினைத்துப் பாடக் கூடாது. இதன் வளைவுகள் ப்ளூஸ் வளைவுகள். இடம் தெரிந்துகொள்ள மட்டும் அந்தச் சுரங்களின் பெயர் உதவும். கிடாரின் வரியை ‘லா’ என்றோ ‘நா’ என்றோ நாலு நாலு வரியாகப் பாடுங்கள். ஃபோனில் பதிவு செய்து அசலோடு ஒட்டிப் பாருங்கள்.

இப்போது கிடாரை எடுக்கலாம். முதல் வேலை பெண்ட், அதாவது ஸ்ட்ரிங்கை இழுத்துச் சுரத்தை ஏற்றுவது. இந்த ஆல்பத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அதனால் இதற்கு ஒரு மாதமே ஒதுக்குங்கள்.

மெல்லிய ஸ்ட்ரிங்கிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்ட்ரிங்கில் எட்டாவது ஃப்ரெட்டை (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) அழுத்தி அடியுங்கள். அது ஜி, நம் கணக்கில் ப. அந்த ஒலி காதில் இருக்கும்போதே மூன்றாவது ஸ்ட்ரிங்கில் பத்தாவது ஃப்ரெட்டை மோதிர விரலால் பிடியுங்கள். அது எஃப், அதாவது ம. நடுவிரலும் ஆள்காட்டி விரலும் அதே ஸ்ட்ரிங்கில் பின்னால் துணைக்கு நிற்க வேண்டும். மோதிர விரலைத் தனியாக விட்டால் வலிக்கும், சுருதியும் வராது. இனி அடித்துவிட்டு மேலே தள்ளுங்கள். தள்ளுவது விரலின் வேலை இல்லை, மணிக்கட்டின் வேலை. கதவுக் குமிழைத் திருப்புவது போல மணிக்கட்டு திரும்ப வேண்டும். ம ஏறிப் போய் ப-வைத் தொடும்போது நிறுத்துங்கள். தொட்டதா என்று எப்படித் தெரியும்? எட்டாவது ஃப்ரெட்டின் ப-வைச் சேர்த்து அடித்துப் பாருங்கள். இரண்டும் சேராவிட்டால் ‘வ்வ்வ்வ்’ என்று ஓர் அலை கேட்கும். நெருங்க நெருங்க அலை மெதுவாகும். சேர்ந்ததும் அலை நின்றுவிடும். அந்த இடம்தான்.

இதே வழியில் இரண்டாவது ஸ்ட்ரிங்கின் பதினொன்றாவது ஃப்ரெட்டிலிருந்து நி-யை இழுத்து ஸ-வுக்குக் கொண்டுபோங்கள். ஒப்பிட முதல் ஸ்ட்ரிங்கின் எட்டாவது ஃப்ரெட் இருக்கிறது. அடுத்தது அரைச் சுரம்: மூன்றாவது ஸ்ட்ரிங்கின் ஏழாவது ஃப்ரெட்டை எட்டாவதின் உயரத்துக்கு மட்டும் ஏற்றுவது. பார்க்கச் சின்ன வேலை, ஆனால் எல்லோரும் அதிகமாக இழுத்துவிடுவார்கள். கடைசியாக, சத்தமில்லாமல் முதலிலேயே இழுத்து வைத்துக்கொண்டு, அடித்த பிறகு மெல்ல இறக்குவது. அழுதுகொண்டே பேசுகிறவர்களின் குரல் வாக்கிய முடிவில் இறங்குமே, அந்த இறக்கம் இதில்தான் வரும்.

பூம்பாறையிலிருந்து ஒரு பெண் வருகிறாள். வீட்டில் பூண்டு விவசாயம். அறுவடை நேரத்தில் இரண்டு வாரம் வகுப்புக்கு வர மாட்டாள், வரும்போது விரலெல்லாம் பூண்டு வாசம். ம-விலிருந்து ப-வுக்கு ஏற்றுவது அவளுக்கு மூன்று வாரமாக வரவில்லை, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கீழேயே நின்றுவிடும். ஒரு நாள் கிடாரைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, “ம-விலிருந்து ப-வுக்கு வழுக்கிக்கொண்டே பாடு” என்றேன். பாடினாள். குரலும் அதே இடத்தில், கொஞ்சம் கீழேதான் நின்றது. “அக்கா, எனக்கு அந்த ப-வே கேட்கலையே” என்றாள். அது விரலின் குறை இல்லை என்று இரண்டு பேருக்கும் அப்போதுதான் புரிந்தது. நாலு நாள் சுருதிப் பெட்டியோடு பாட மட்டும் செய்தாள். ஐந்தாம் நாள் கிடாரில் முதல் இழுப்பிலேயே சரியாகப் போய் நின்றது.

அடுத்தது வால்யூம் நாப், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ். ‘காஸ் வீவ் எண்டட் ஆஸ் லவர்ஸ்’ பாட்டின் தொடக்கத்தில் சுரங்கள் அடிபட்ட சத்தமே இல்லாமல், எங்கிருந்தோ வருவது போல வரும். பெருமாள்மலை வளைவுக்குக் கீழே பேருந்து ஏறும் சத்தம் மூடுபனிக்குள்ளிருந்து மெல்லப் பெரிதாகுமே, அது மாதிரி. இதற்குத் தனிக் கருவி வேண்டாம். கிடாரின் வால்யூம் நாபை வலது கைச் சுண்டுவிரலால் முழுக்க மூடுங்கள். பிக்கால் அடியுங்கள், ஒன்றும் கேட்காது. அடித்த உடனே சுண்டுவிரலால் நாபைத் திறங்கள். அடியின் ‘டங்’ போய்விடும், மிச்சமுள்ள நீண்ட ஒலி மட்டும் வயலின் வில் இழுத்தது போல வரும். அடுத்த சுரத்துக்கு முன் மறுபடி மூட வேண்டும். மூட மறப்பதுதான் எல்லோருக்கும் நடக்கிற தப்பு. ஸ்ட்ராட் வடிவக் கிடாரில் நாப் விரலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் எளிது. லெஸ் பால் வடிவத்தில் கை எட்டாது, காலால் அழுத்தும் வால்யூம் பெடல் வைத்துக்கொள்ளலாம். பெக் இந்தப் பாட்டுக்கு எடுத்தது ஹம்பக்கர் பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் இரட்டைச் சுருள் பாகம்) பொருத்திய ஒரு டெலிகாஸ்டர் கிடார். பிக்கப் செய்பவரான சேமர் டங்கன் அவருக்காக ஒட்டிச் சேர்த்துக் கொடுத்தது. உங்களிடம் அது வேண்டியதில்லை. பத்து வாட் ஆம்ப்பில் ஒலியைக் கரகரப்பாக்கும் கெயினைப் பாதிக்கும் கீழே வைத்து, டோனைக் கொஞ்சம் குறைத்தால் போதும்.

இவ்வளவு உருக்கத்துக்கு நடுவே இந்த ஆள் விளையாட்டுப் பிள்ளையும்கூட. ஒரு பாட்டுக்கு ‘கான்ஸ்டிபேட்டட் டக்’ என்று பெயர். மலச்சிக்கல் வந்த வாத்து! அர்த்தம் சொன்னதும் சின்னப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்வார்கள். பீட்டில்ஸ் 1964-ல் வெளியிட்ட ‘ஷீ இஸ் எ உமன்’ பாட்டையும் ரெகே தாளத்துக்கு மாற்றி எடுத்திருக்கிறார். அதில் கிடாரே வார்த்தை பேசுவது போலக் கேட்பது டாக் பாக்ஸ். ஆம்ப்பின் ஒலியை ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியே வாய்க்குள் அனுப்பி, வாயை ‘ஆ’, ‘ஓ’, ‘ஊ’ என்று மாற்றினால் அந்த வடிவத்தை மைக் பிடித்துக்கொள்ளும். இதை வாங்கச் சொல்ல மாட்டேன். காலால் அழுத்தி ஒலியை ‘வா’ என்று மாற்றும் வா-வா பெடல் இருந்தால் ஒரே சுரத்தை அடித்து, வாயால் ‘வா… ஓ… வா’ என்று சொல்லிக்கொண்டே காலை அதற்கேற்ப அசைத்துப் பாருங்கள். வாய் முதலில், கால் பிறகு. இங்கேயும் அதே கதைதான்.

தாளத்துக்கு நம்மிடம் நல்ல வசதி இருக்கிறது. ‘ஸ்கேட்டர்பிரெய்ன்’ ஒன்பது எண்ணிக்கையில் ஓடுகிறது. ஆங்கிலத்தில் ஒன்று, இரண்டு என்று எண்ணினால் தடுமாறும். ‘தகதிமி தகதகிட’ என்று சொல்லிப் பாருங்கள், நாலும் ஐந்தும் ஒன்பது. ஃபோனில் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, அரை மணி நேரம் தொடையில் தட்டிக்கொண்டு சொன்னாலே போதும். கடைசிப் பாட்டான ‘டைமண்ட் டஸ்ட்’ ஐந்து, ‘தகதகிட’. என் வகுப்பில் மிருதங்கம் படித்த பையன் ஒருவன் இந்த இரண்டையும் கேட்ட அன்றே தட்டிவிட்டான், அவனைவிடக் கிடார் நன்றாக வாசிப்பவர்கள் ஒரு மாதம் திணறினார்கள். இந்த இரண்டு பாட்டுக்கும் வயலின் கூட்டத்தை அமைத்தவர் ஜார்ஜ் மார்ட்டின்தான். ‘டைமண்ட் டஸ்ட்’டை முழுதாக முதல் தடவை கேட்டது முப்பது வயதுக்கு மேல். கேசட் நிற்கும் இடம் வந்ததும் நின்றுவிடும் என்று என் காது காத்திருந்தது. நிற்கவில்லை, வயலின்கள் போய்க்கொண்டே இருந்தன. அடுப்பில் வைத்த பாலை மறந்து உட்கார்ந்திருந்தேன்.

வரிசை என்று கேட்டால்: சிரீட்டா பாடிய பாட்டு, பிறகு ‘ஃப்ரீவே ஜாம்’, பிறகு வாத்து, அப்புறம் ஒன்பதும் ஐந்தும். வேகமான பகுதிகளை முதல் ஆறு மாதம் தொடாதீர்கள்.

மலையில் இருப்பவர்களுக்கு மட்டும் சில விஷயங்கள். மார்கழி, தை மாதக் காலையில் விரல் விறைத்திருக்கும்போது பெண்ட் பழகினால் தசைநார் பிடித்துக்கொள்ளும். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துச் சூடேற்றிவிட்டு, பத்து நிமிடம் பெண்ட் இல்லாமல் மெதுவாக வாசித்துத் தொடங்குங்கள். ஸ்ட்ரிங் ஒன்பது கேஜ் (ஸ்ட்ரிங்கின் தடிமன் அளவு) போதும், பத்துக்கு அவசரம் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்ட்ரிங் வேகமாகத் துருப்பிடிக்கும். துருப்பிடித்த ஸ்ட்ரிங்கை இழுத்தால் விரல் கிழியும், சுருதியும் நிற்காது. நாபைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வந்தால் ஈரமும் தூசும் சேர்ந்திருக்கிறது, எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை ஒரு பீச்சு அடித்து இருபது முறை திருப்புங்கள்.

கிடாரின் கழுத்து வளைந்தால் டிரஸ் ராடை, அதாவது கழுத்துக்குள் அதை நேராக்க வைத்திருக்கும் கம்பியை, திருப்பலாம், ஆனால் ஒரு நாளைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். என் முதல் கிடாரைச் சமவெளியில் ஒரு கடையில் கொடுத்தேன். ஒரேயடியாக முறுக்கிக் கொடுத்துவிட்டார்கள். கழுத்து பின்பக்கம் வளைந்து, எந்த ஃப்ரெட்டைப் பிடித்தாலும் ‘ட்ர்ர்’ என்று அடித்தது. பொறுமையாகத் தளர்த்திச் சரிசெய்யப் பல வாரம் ஆனது. வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் அடியும் மேலும் துடைத்து, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். கணப்படுப்புப் பக்கம் மட்டும் சாய்த்து வைக்காதீர்கள்.