எங்கே இறக்கப் போறே? சமூகக் கலை நிலையத்தில் ஓவியக் காட்சி மாற்றுவோருக்கு

சிங்கப்பூரில் செம்பவாங் பக்கம் கப்பல் பட்டறையில் 27 வருடம் ரிக்கராக இருந்தேன். சுக்கான், சங்கிலி, இயந்திர மூடி எதுவானாலும் கட்டித் தூக்கி, நகர்த்தி, வைக்கிற ஆள். சேர்ந்த முதல் வாரம் ஆர்வக்கோளாறில் ஒரு பாரத்துக்குக் கயிறு மாட்டிக்கொண்டிருந்தபோது மலையாளி ஃபோர்மன் வந்து நின்றார். “தூக்குறது இருக்கட்டும். எங்கே இறக்கப் போறே?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. கயிற்றைக் கழற்றச் சொல்லிவிட்டார்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு சமூகக் கலை நிலையத்தில் தொண்டூழியம் செய்கிறேன். எனக்குப் படம் வரையத் தெரியாது, மாட்டத் தெரியும். சுவர் என்று பெரிதாகச் சொல்லிக்கொண்டாலும் அது பூப்பந்துக் கூடத்துக்கும் நடன அறைக்கும் நடுவில் ஓடும் ஒரு நடைவழிதான், 7.2 மீட்டர் நீளம். ஆறு வாரத்துக்கு ஒரு காட்சி, ஆண்டுக்கு எட்டு. ஆறு வருடமாக இதைச் செய்து கற்றதை, அடுத்து இந்த வேலையை எடுத்துக்கொள்ளப்போகும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

எல்லாரும் திறப்பு விழாத் தேதியைத்தான் முதலில் குறிக்கிறார்கள். நீங்கள் படங்களை இறக்கும் தேதியைக் குறியுங்கள். சுழற்சிக் காட்சியில் ஒருவர் இறக்கினால்தான் இன்னொருவர் ஏற்ற முடியும். ஒருவர் இரண்டு நாள் தாமதித்தால் அடுத்த ஏழு பேருக்கும் அது போய்ச் சேரும்.

எட்டு காட்சிக்கு 48 வாரம். மீதி நான்கு வாரத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும். சுவருக்கு வெள்ளையடிக்க ஒரு வாரம், சீனப் புத்தாண்டுக்கு ஒரு வாரம் போய்விடும். மற்ற இரண்டும் ஏதாவது தப்பாகும்போது உதவும், கண்டிப்பாக ஏதாவது தப்பாகும். ஜனவரியில் சிங்கப்பூர்க் கலை வாரம் நடக்கும் நாள்களில் திறப்பு விழா வைக்காதீர்கள்; வரவேண்டிய ஓவியர்கள் எல்லாம் நகரத்தில் இருப்பார்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை மழை அதிகம். அந்த மாதங்களில் இறக்குவதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் கொட்டினால், வண்டி நிற்கும் இடத்திலிருந்து மின்தூக்கி வரையிலான இருபது அடிதான் உலகத்திலேயே நீளமான தூரம்.

ஜூலை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 21ஆம் தேதி இன நல்லிணக்க நாள். அந்த ஆறு வாரத்துக்கு மட்டும் எங்களுக்கு வரும் விண்ணப்பங்களில் பாதி ஒரே படம்: நான்கு பிள்ளைகள், நான்கு இன உடைகள், கைகோத்த நிலை. பள்ளிப் பிள்ளைகள் வரைந்தால் சரி. பெரியவர்கள் கேட்டால் நான் 1988இல் கோதே கழகம் (Goethe) என்ற ஜெர்மன் பண்பாட்டு நிலையத்தில் நடந்த ‘திரிமூர்த்தி’ காட்சியைச் சொல்வேன். சந்திரசேகரன், கோ ஈ சூ, சாலே ஜப்பார் என்று மூன்று இளம் கலைஞர்கள், அவரவர் மரபிலிருந்து அவரவருக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஒரே கூரையின் கீழ் நின்றார்கள். கைகோத்த பிள்ளைகள் தேவைப்படவில்லை.

ஏன் ஆறு வாரம் என்று கேட்பார்கள். ஓவியருக்கு அது குறைவாகத் தெரியும், வெளிச்சத்தின் கணக்கில் அதுவே அதிகம். நீர்வண்ணம் போன்ற தாள் வேலைகளுக்கு அருங்காட்சியகங்களில் வழக்கமான அளவு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). எண்ணெய் வண்ணத்துக்கு 200 வரை போகலாம். எங்கள் நடைவழியின் சன்னல் முனையில் காலை 11 மணிக்குக் கைபேசிச் செயலியில் அளந்தேன்: 2,000. அந்த வெளிச்சத்தில் ஒரு நாள் தொங்குவதும் 50 லக்ஸில் 40 நாள் தொங்குவதும் ஒன்று. ஆறு வாரம் என்றால் அருங்காட்சியக வெளிச்சத்தில் நாலரை வருடத்துக்கு மேல். வெளுத்த நிறம் படத்தை இருட்டில் வைத்தாலும் திரும்பி வராது. அந்த முனைக்கு நாங்கள் இப்போது மட்பாண்டம் அல்லது உலோக வேலைதான் வைக்கிறோம். முகப்பில் நல்ல இடம் என்று நினைத்து நீர்வண்ணக்காரர்கள் அதைத்தான் கேட்பார்கள். மறுத்துவிடுங்கள்.

கையெழுத்து வாங்கும் தாள்

ஒரே பக்கம் போதும். படத்தின் பெயர், அளவு, எடை, சட்டகத்தின் பின்னால் என்ன மாட்டியிருக்கிறது, விலை உண்டா இல்லையா. கொண்டுவரும் தேதிக்கு மேலே, தடித்த எழுத்தில், எடுத்துப்போகும் தேதியும் நேரமும். அந்த நாளில் வர முடியாவிட்டால் யார் வருவார் என்று இன்னொரு பெயரும் கைபேசி எண்ணும். இந்த இரண்டாவது பெயரை நாங்கள் சேர்த்ததற்குக் காரணம் ஒரு யானை. காகிதக் கூழில் செய்தது, 1.1 மீட்டர் உயரம். செய்தவர் வேலை மாறி வெளிநாடு போய்விட்டார். யானை மூன்று வருடமாக எங்கள் சேமிப்பறையில் நிற்கிறது.

படத்தை நிலையத்தின் ஃபேஸ்புக்கில் போடலாமா என்பதையும் அதே தாளில் கேட்டுவிடுங்கள். 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டப்படி, பொதுவில் படைப்பைப் பயன்படுத்தும்போது படைத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். “அழகான ஓவியம், வந்து பாருங்கள்” என்று பெயர் இல்லாமல் போட்டால் முதல் கோபம் ஓவியரிடமிருந்துதான் வரும், நியாயமான கோபம்.

படம் வந்து இறங்கியதும், பொட்டலம் பிரித்த அந்த நிமிடமே, நான்கு மூலை, முன்பக்கம், பின்பக்கம் என்று ஆறு புகைப்படம். கொண்டுவந்தவர் பக்கத்தில் நிற்கும்போதே எடுக்க வேண்டும். முதல் வருடம் இதைச் செய்யவில்லை. ஒரு பெரியவரின் சட்டகக் கண்ணாடியில் ஓரத்தில் கீறல். இங்கேதான் விழுந்தது என்றார் அவர். வந்தபோதே இருந்தது என்று நான் நினைத்தேன், காட்ட எதுவும் இல்லை. 45 வெள்ளி என் பையிலிருந்து போனது. பணத்தைவிட வலித்தது, அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்த்தால் தலையாட்டுவதோடு நிறுத்திக்கொண்டதுதான்.

மாட்டுவது

இது என் தொழில், அதனால் கொஞ்சம் நீளும்.

படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 150 சென்டிமீட்டரில் இருக்கட்டும் என்பது பரவலான பழக்கம். நாங்கள் 145 வைக்கிறோம், சக்கர நாற்காலியில் வரும் மூத்தோர் நிறைய. கொக்கி எங்கே என்பதற்குக் கணக்கு: 145உடன் படத்தின் பாதி உயரத்தைக் கூட்டி, மேல் விளிம்பிலிருந்து வளையம் எவ்வளவு கீழே இருக்கிறதோ அதைக் கழியுங்கள். 60 உயரப் படம், வளையம் 8 கீழே என்றால் 145, கூட்டல் 30, கழித்தல் 8. கொக்கி 167இல். இதைச் சுவரில் நின்று மனக்கணக்காகப் போடாதீர்கள். முந்தின நாள் வீட்டில் உட்கார்ந்து எல்லாப் படத்துக்கும் எழுதிவிடுங்கள்.

இடைவெளியும் அப்படித்தான். ஒன்பது படம், ஒவ்வொன்றும் 50 அகலம், மொத்தம் 450. 720இல் மிச்சம் 270. ஒன்பது படத்துக்கு இரு ஓரமும் சேர்த்துப் பத்து இடைவெளி, ஆளுக்கு 27. முதல் படத்தின் நடு 52இல், அதன்பின் 77, 77 என்று போய்க்கொண்டே இருக்கலாம். ஆனால் ரசமட்டம் ‘நேர்’ என்று சொன்னாலும் நடைவழியின் மேற்கூரை சாய்ந்திருந்தால் படம் கோணலாகத்தான் தெரியும். அப்போது கண்ணை நம்புங்கள். பட்டறையில் இதைச் சொல்லியிருந்தால் அடி வாங்கியிருப்பேன்.

இனி கம்பி. சட்டகத்தின் பின்னால் இரண்டு வளையத்துக்கு நடுவே கம்பியை வீணை நரம்பு மாதிரி இழுத்துக் கட்டிக் கொண்டுவருவார்கள், அது உறுதி என்று நினைத்து. நேர் எதிர். கம்பி கிடைமட்டத்துக்கு 30 டிகிரி சாய்வாக இருந்தால், 10 கிலோ படத்துக்கு ஒவ்வொரு பக்கக் கம்பியிலும் 10 கிலோ இழுவை. இறுக்கிக் கட்டி அது 10 டிகிரியானால் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 29 கிலோ. அந்தச் சின்னத் திருகாணிகள் மென்மையான மரத்தில் எத்தனை நாள் பிடிக்கும்? இரவில்தான் விழும், காலையில் துப்புரவாளர் பார்த்துச் சொல்வார். அகலமான படத்துக்குக் கம்பியே வேண்டாம். இரண்டு டி (D) வடிவ வளையம், இரண்டு கொக்கி, நேராகத் தொங்கட்டும். கொக்கியில் அடித்திருக்கும் எடையில் பாதியைத்தான் நான் ஏற்றுவேன். ஒட்டுப் பட்டைகளை நம்பாதீர்கள். நம் ஈரத்தில் சுவர்ச் சாயத்தோடு உரிந்து வரும்.

ஈரம் என்றதும் நினைவு வருகிறது. இந்த ஊரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல். ஏர்கான் ஓடும்போது எங்கள் நடைவழியில் 60 காட்டும் மீட்டர், இரவு 10 மணிக்கு அதை அணைத்துவிட்டால் காலையில் 78. 65, 70ஐத் தாண்டி நீடித்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஏர்கானை இரவு முழுக்க ஓட்டுங்கள் என்றால் நிலையத்தில் யாரும் கேட்கப் போவதில்லை, நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். செய்யக்கூடியது ஒன்று உண்டு: சட்டகத்தின் கீழ் மூலை இரண்டிலும் 5 மில்லிமீட்டர் கார்க் துண்டு ஒட்டிவிடுங்கள். பின்னால் காற்று ஓடும். வெளிச்சுவரிலும் கழிவறைக்குப் பின்சுவரிலும் தாள் வேலை மாட்டாதீர்கள். அக்ரிலிக் படத்தின் முகத்தில் பப்பிள் ராப்பை நேராகச் சுற்றாதீர்கள். இந்த வெப்பத்தில் சாயம் இளகி, வட்ட வட்டமாக அச்சு விழும். நடுவில் வழவழப்பான கிளாசின் தாள் ஒன்று வேண்டும்.

கோலமும் எறும்பும்

ஒரு தீபாவளிக் காலத்தில் கோலக் காட்சி வைத்தோம். கறுப்புப் பலகையில் வெள்ளைச் சாயத்தில் வரைந்து மாட்டலாம் என்பது என் திட்டம். நடத்திய அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “தரையில போடாதது எப்படிண்ணே கோலம்? அரிசி மாவுலதான் போடுவேன்” என்றார். மூன்றாம் நாள் எறும்பு வரிசை நடன அறை வரை போனது. பரதநாட்டிய ஆசிரியை என்னைத் தேடி வந்தார். நான் அக்காவைத் தேடிப் போனேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. “எறும்புக்குத்தானே போடுறது!”

கடைசியில், தினமும் காலை ஒருவர் வந்து புதுக்கோலம் போடுவது, இரவு மூடும்முன் கூட்டி எடுப்பது என்று முடிவானது. ஆறு வாரத்தில் 42 கோலம். அடுக்குமாடி புளோக்கில் இருந்த சீனப் பாட்டி ஒருவர்கூட இரண்டு நாள் போட்டார். சுழற்சி என்ற சொல்லுக்கு நான் பார்த்ததிலேயே சரியான காட்சி அதுதான். எறும்பு மட்டும் கடைசி வரை வந்துகொண்டிருந்தது.

அதே காட்சியில்தான் விவரச் சீட்டும் காலை வாரியது. ஆங்கிலம், சீனம், மலாய் மூன்றும் சரியாக வந்தன. தமிழில் மட்டும் ‘கோலம்’ உடைந்து, கொம்பு தனியாக நின்றது. அச்சுக் கடையின் கணினிக்குத் தமிழ் எழுத்தைச் சேர்த்துக் காட்டத் தெரியவில்லை. திறப்புக்கு இரண்டு மணி நேரம் முன்பு பார்த்தோம்; அக்கா கையாலேயே எழுதி ஒட்டினார், அதுவும் அழகாகத்தான் இருந்தது. உங்கள் கணினியிலேயே எழுத்துருவை உள்ளே பதித்துப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். பிறகு ஒரே ஒரு சீட்டை அச்சடிக்கச் சொல்லி, தமிழ் படிக்கத் தெரிந்தவர் கண்ணால் பார்த்தபின் மீதியை அடிக்கச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்புச் செயலி தந்ததை அப்படியே ஒட்டுவது அவரவர் துணிச்சல்.

திறப்பு விழா பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உரை ஐந்து நிமிடத்துக்குள் முடியட்டும். கறி பஃப் மேசையைப் படங்களிலிருந்து தள்ளி வையுங்கள், எண்ணெய்க் கை எங்கே போகும் என்று தெரியாது.

இறக்கும் நாளில் அவசரப்படுவது முதல் அரைமணி நேரத்தில்தான். எல்லாரும் முதலில் விவரச் சீட்டைக் கிழிப்பார்கள், அப்புறம் எது யாருடையது என்று தெரியாமல் நிற்பார்கள். முதலில் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பெயர் எழுதிய ஒட்டுநாடா. பிறகு படம். சீட்டு கடைசி. கனமான படத்துக்கு இரண்டு பேர், இறக்கி வைக்கும் இடத்தில் முன்கூட்டியே விரித்த போர்வை. வந்தபோது எடுத்த ஆறு புகைப்படத்தையும் உரியவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். நாங்கள் காலை 9 மணிக்குத் தொடங்கி 12க்குள் காலி செய்வோம், ஓட்டைகளை அடைத்துத் தேய்க்க ஒரு மணி நேரம், அடுத்தவர் வண்டி 2 மணிக்கு. நடுவில் கிடைக்கும் நேரத்தில் கீழே போய் ஒரு தே ஓ (பால் இல்லாத தேநீர்) குடித்துவிட்டு வருவேன்.

அந்த யானையை யாராவது எடுத்துக்கொள்வதாக இருந்தால் தாராளமாக வரலாம், செய்தவர் சம்மதம் தந்துவிட்டார். காசு வேண்டாம். வண்டி நீங்களே கொண்டுவர வேண்டும், சேமிப்பறைக் கதவு 90 சென்டிமீட்டர், தும்பிக்கையைப் பக்கவாட்டில் திருப்பினால் வரும். வீட்டில் எங்கே இறக்கப் போகிறீர்கள் என்பதை மட்டும் முதலில் சொல்லுங்கள்.